குதிரைக்கு உடம்பு சரியில்லை: டாக்டர் வரும்வரை எதைச் செய்வது, எதைத் தொடாமல் விடுவது

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி இரவு, என் பெண் குதிரை கொட்டகையில் படுத்துப் புரண்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் நல்லெண்ணெயும் மூங்கில் குழாயுமாக ஓடி வந்தார். ஆயுசு முழுக்க மாட்டுக்குப் பார்த்த கை. தலையை உத்தரத்தோடு தூக்கிக் கட்டி அரை லிட்டர் ஊற்றினோம். பாதியில் இருமியது, நாங்கள் கண்டுகொள்ளவில்லை. விடிவதற்குள் லத்தி போட்டு எழுந்து நின்றுவிட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல், மூக்கில் நாற்றமெடுத்த சளி. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. வயிற்றுவலி தீர ஆறு மணி நேரம் ஆனது, எங்கள் வைத்தியம் தீர மூன்று மாதம்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஆசைப்பட்டுக் குதிரை வாங்கும் நம்மில் பலர் மாட்டோடு வளர்ந்தவர்கள். கை தானாக மாட்டு வைத்தியத்துக்குத்தான் போகும். குதிரைக்கு நான்கு அறை வயிறு இல்லை, அசைபோடாது, வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போன தப்பு குடலைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறப்பவை.

முதலில் எண்ணுங்கள்

எந்தக் கோளாறாக இருந்தாலும் மருந்தைத் தேடும் முன் நான்கு விஷயம் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

நாடி: கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால், பென்சில் தடிமனில் ஒரு ரத்தக்குழாய் வழுக்கிக்கொண்டு ஓடும். எலும்போடு சேர்த்து லேசாக அழுத்தி 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44. சும்மா நிற்கும்போதே 60-ஐத் தாண்டினால் நிலைமை சாதாரணமில்லை.

மூச்சு: விலா ஏறி இறங்குவதைப் பாருங்கள். நிமிடத்துக்கு 8 முதல் 16.

காய்ச்சல்: சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஆசனவாயில். நூல் கட்டி, துணிக் கிளிப்பால் வாலில் மாட்டிவிடுங்கள், உள்ளே போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு. பக்கவாட்டில் ஒட்டி நில்லுங்கள், நேர் பின்னால் வேண்டாம். 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் சரி.

ஈறு: உதட்டைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். செங்கல் நிறமோ ஊதாவோ தெரிந்தால் மற்ற எதையும் பார்க்காமல் போனை எடுங்கள்.

குதிரை நன்றாக இருக்கும் நாளிலேயே இதை நாலைந்து முறை செய்து சுவரில் எழுதி வையுங்கள். என் குதிரைக்கு 34. அது 48 ஆனால் எனக்குக் கவலை, புத்தகம் என்ன சொன்னாலும்.

படுத்துப் புரள்கிறது, வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறது

முன்காலால் தரையைப் பறிக்கும், மேலுதட்டைச் சுருட்டும், படுத்து எழும், வியர்க்கும். சில குதிரைகள் மூத்திரம் போவதுபோலக் காலைப் பரப்பி நின்றுகொண்டே இருக்கும். அதை நீர்க்கடுப்பு என்று நினைத்து நேரத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. அதுவும் பெரும்பாலும் வயிற்றுவலிதான்.

தீனியை எடுத்துவிடுங்கள். காதை விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் வைத்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிடம் கேளுங்கள். இடி உருட்டுவதுபோல அவ்வப்போது சத்தம் வரவேண்டும். வெறிச்சென்று இருந்தால் குடல் நின்றிருக்கிறது. கடைசியாக லத்தி போட்டது எப்போது, எத்தனை, ஈரமா உலர்ந்ததா என்று பாருங்கள்.

பிறகு நடத்துவதா வேண்டாமா? அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். வெறிபிடித்ததுபோல் புரண்டு சுவரில் மோதினால் பத்து நிமிடம் மெல்ல நடத்துங்கள், நிறுத்திப் பாருங்கள். விடிய விடிய நடத்துவது குதிரையைக் களைக்க வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ஒரு முறை புரண்டதும் குடல் முறுக்கிக்கொள்ளும் என்ற பயமும் தேவையில்லை. மிரண்ட குதிரையின் காலடியில் நீங்கள் மாட்டிக்கொள்வதுதான் நிஜமான ஆபத்து.

வாயில் எண்ணெய், சோடா, கஷாயம், இஞ்சிச்சாறு எதுவும் ஊற்றாதீர்கள். எண்ணெய் தேவை என்றால் டாக்டர் மூக்கு வழியாக இரைப்பைக்கே குழாய் விட்டு ஊற்றுவார். அதே குழாயில் இரைப்பையில் தேங்கியதையும் வெளியே எடுப்பார், வாந்தி எடுக்கத் தெரியாத மிருகத்துக்கு அது உயிர் காக்கும் வேலை. வீட்டில் வலி ஊசி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதைப் போட்டதும் குதிரை தேறிவிட்டதுபோல் தெரியும். முறுக்கிய குடல் முறுக்கியபடியே இருக்கும், அறுவை சிகிச்சைக்கான நேரம் மட்டும் கரையும். நாடி 60-க்கு மேல், ஈறு நிறம் மாறியது, வலி விட்டு விட்டு அல்லாமல் ஓயாமல் வருகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

வலி தீர்ந்த மறுநாள் காரணத்தைத் தேடுங்கள். தீனியைத் திடீரென மாற்றினோமா? தொட்டியில் தண்ணீர் பாசி பிடித்து, குடிக்காமல் விட்டதா? சாதாரணமாகவே ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். வெறும் தரையில் தீனி போடும் இடங்களிலும் கடற்கரையிலும் மணல் உள்ளே போகும். ஐந்தாறு லத்தி உருண்டையை எடுத்து ஒரு தெளிவான பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டி மணல் படிந்தால் இனி தீனியைத் தொட்டியில் வையுங்கள். வருடம் ஒருமுறை பல்லும் பார்க்க வேண்டும். கடைவாய்ப்பல் கூர்த்தால் சரியாக அரைக்காது, பாதி மென்ற புல் உருண்டையாக வாயிலிருந்து விழும்.

மூக்கு வழியாகத் தீனி வருகிறது

கழுத்தை நீட்டி, இருமி, இரண்டு மூக்கிலும் பச்சை நுரை வழிந்தால் தொண்டைக்குழாயில் அடைத்திருக்கிறது. காய்ந்த தவிடையோ பெல்லட்டையோ அவசரமாக விழுங்கும் குதிரைக்கு வருவது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மூச்சுக்குழாய் திறந்துதான் இருக்கிறது. தீனி, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டுத் தலையைத் தாழ்வாக விடுங்கள். பல நேரம் தானாக இறங்கிவிடும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இறங்காவிட்டால் டாக்டர். தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்த்தால் என் மார்கழிக் கதைதான்.

நொண்டுகிறது

எந்தக் கால் என்று முதலில் தெரியவேண்டும். கெட்டித் தரையில் ஒருவர் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து மெல்ல ஓட்டட்டும். முன்காலில் வலி என்றால், வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். தெரிந்ததும் தோள்பட்டையைப் பிசைய ஆரம்பிக்காதீர்கள். குளம்பிலிருந்து மேலே போங்கள். சந்தையில் சுழி பார்க்க ஒரு மணி நேரம் செலவழிப்பவர்கள் குளம்பைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

நேற்று நன்றாக இருந்தது, இன்று ஒரு காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது. எலும்பு முறிந்ததுபோலத்தான் தெரியும். கணுக்காலின் பின்பக்கம் இருபுறமும் விரலை வையுங்கள். சாதாரணமாக அங்கே துடிப்பு தேடினால்தான் கிடைக்கும். சுத்தியல்போல் அடித்து, குளம்பும் சுட்டால் பெரும்பாலும் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. லாடம் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் ஆணி தப்பான இடத்தில் ஏறியிருக்கலாம், லாடக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொரு ஆணியாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சீழுக்கு வழி திறப்பது டாக்டரோ தேர்ந்த லாடக்காரரோ செய்யவேண்டியது. திறந்தபின் வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பு போட்டுத் தினம் குளம்பை ஊறவையுங்கள். கட்டுக்கு நான் கண்டவரை குழந்தைகளுக்கான டயபரை மிஞ்சியது எதுவும் இல்லை. குளம்புக்குச் சரியாகப் பொருந்தும், மேலே பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றினால் இரண்டு நாள் நிற்கும்.

குளம்பின் அடியில் ஆணியோ கம்பியோ குத்தி நிற்கிறது. பிடுங்கத்தான் கை போகும். டாக்டர் சீக்கிரம் வரமுடியும் என்றால் பிடுங்காதீர்கள். எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு அந்த ஆணிதான் சாட்சி. நடுவில் இருக்கும் முக்கோண மெத்தைக்கு உள்ளே சிறு எலும்பும் மூட்டுப் பையும் இருக்கின்றன, அங்கே கிருமி போனால் குதிரை திரும்ப நடக்காமலே போகலாம். ஊன்றி இன்னும் ஆழமாக இறங்காதபடி ஆணியைச் சுற்றிக் கனமாகத் துணி கட்டுங்கள். எடுத்தே தீரவேண்டும் என்றால் முதலில் போட்டோ, பிறகு ஓட்டையைச் சுற்றி மார்க்கரில் வட்டம்.

இரண்டு முன்காலும் வலிக்கிறது, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கிறது, திரும்பச் சொன்னால் முட்டையின் மேல் நடப்பதுபோல் நடக்கிறது. குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் திசு அடுக்கு வீங்கிவிட்டது. எலும்பு கீழே இறங்கும் முன் பிடிக்க வேண்டும். நம் ஊரில் இதற்குக் காரணம் அநேகமாக அன்புதான்: திருவிழாவில் ஆளாளுக்குக் கொடுத்த பொங்கலும் பழமும், அல்லது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மூட்டையில் வாய் வைத்த கொள்ளு. மோசம் என்னவென்றால், தின்ற அன்று ஒன்றும் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கால் பேசும். அதனால் மூட்டை காலியானதைக் கண்ட நிமிடமே டாக்டருக்குச் சொல்லிவிட்டு ஐஸ் வாங்க ஆள் அனுப்புங்கள். தொட்டியில் ஐஸ் தண்ணீர், கணுக்காலுக்கு மேல் வரை, இரண்டு மூன்று நாள் விடாமல். ஏற்கெனவே நொண்டினால் கனமான மணல் மெத்தை போட்டு நிறுத்துங்கள், நடத்தவே கூடாது.

ஓடிவிட்டு வந்ததும் பின்பக்கம் கல்லாக இறுகி, அடியெடுத்து வைக்க மறுக்கிறது. மூத்திரம் காபி நிறத்தில் போகிறது. வாரம் முழுக்கக் கட்டுத்தறியில் முழுத் தீனி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டம் என்றால் வருவது இது. தசை உடைந்து சாயம் சிறுநீரகத்துக்குப் போகிறது. நின்ற இடத்திலேயே விடுங்கள், வீட்டுக்கு நடத்திக் கூட்டிப் போகக்கூடாது. தண்ணீர் வையுங்கள்.

இன்று ஒரு கால், அடுத்த வாரம் வேறு கால். முக எலும்பு இருபுறமும் புடைக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தோட்டம் முழுக்கக் கோ-4 புல் வைத்திருப்பவர்கள் வீட்டில்தான் இது வரும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடுவதால் மாட்டுக்கு அது நல்ல தீவனம். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. கூடவே பாஸ்பரஸ் நிறைந்த கோதுமைத் தவிடு வைத்தால், உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கிறது. வெளியே தளதளவென்று இருக்கும், உள்ளே எலும்பு நார் ஆகிக்கொண்டிருக்கும். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வளரும் கொழுக்கட்டைப்புல்லிலும் இந்தக் குணம் உண்டு, அதையே முழுத் தீனியாக நம்பக்கூடாது. தவிடைக் குறையுங்கள், புல்லைக் கலந்து போடுங்கள், கால்சியம் அளவை டாக்டரிடம் கேளுங்கள். சுண்ணாம்புச்சத்து மிகுந்த தீவனத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் குதிரைமசால். பெயரிலேயே விலாசம் எழுதியிருக்கிறது, நாம்தான் அதைக் கறவை மாட்டுக்கு அறுத்துப் போடுகிறோம்.

தீனியைப் பேசும்போதே இன்னொன்று. நாமக்கல், பல்லடம் பக்கம் கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கும். அதில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கலக்கும் மொனென்சின், சலினோமைசின் போன்றவை கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தைக் கொல்லும் நஞ்சு. மாற்று மருந்து கிடையாது. காலி கோழித் தீவனச் சாக்கில் கொள்ளைக் கட்டி வைக்கும் வழக்கம்கூட வேண்டாம்.

குளம்பின் அடியில் கறுப்பாகக் கசிந்து, தூக்கினாலே குமட்டும் நாற்றம் வந்தால் ஈரக் கொட்டகையின் வேலை. சுரண்டிச் சுத்தம் செய்து, உலரவைத்து, அயோடின் கரைசல் தடவி, தரையை மாற்றுங்கள். கொட்டகை நனைந்திருக்கும்வரை எந்த மருந்தும் நிற்காது.

காயம், ரத்தம்

முள்கம்பிதான் பெரும்பாலும். ரத்தத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், 350 கிலோ குதிரையின் உடம்பில் ஏறக்குறைய 28 லிட்டர் ஓடுகிறது. தரையில் ஒரு லிட்டர் சிந்தினால் கொலை நடந்த இடம்போல் இருக்கும், குதிரை நின்று புல் மென்றுகொண்டிருக்கும். சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள், பத்து நிமிடம், நடுவில் எடுத்து எட்டிப் பார்க்காமல்.

நின்றபின் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்பது கிராம் உப்பு கலந்து, பெரிய ஊசியில்லாச் சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். அயோடின் விட்டால் வெளிர் டீ நிறத்துக்கு மேல் போகக்கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், கழிவு ஆயில் எதுவும் வேண்டாம். தையல் போடும் டாக்டருக்கு அதையெல்லாம் சுரண்டி எடுப்பதே முதல் வேலையாகிவிடும், தையலுக்கு நல்ல நேரமோ முதல் ஆறு முதல் எட்டு மணி நேரம்தான்.

சின்னக் காயமாக இருந்தாலும் மூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, விரலில் ஒட்டி நூல்போல் இழுபடும் மஞ்சள் நீர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூட்டு திறந்துவிட்டது, அது பெரிய சதைக் கிழிசலைவிட மோசம். முட்டிக்குக் கீழே உள்ள புண்கள் ஆறாமல் சதை பொங்கி வெளியே தள்ளுவதும் உண்டு, அதைக் காரம் போட்டுச் சுடாதீர்கள், டாக்டர் வெட்டிக் கட்டினால் சரியாகும். புண்ணுக்குள் அரிசிக் குருணைபோல் மஞ்சள் துணுக்குகள் தெரிந்து அரிப்பெடுத்தால் ஈ கொண்டுவந்த வயிற்றுப்புழுக் குஞ்சுகள். களிம்பால் தீராது, புழு மருந்து வேண்டும்.

வீட்டு விலங்குகளில் ரணஜன்னி (டெட்டனஸ்) மிக எளிதில் பிடிப்பது குதிரையைத்தான். காது விறைத்து நிமிரும், வால் தூக்கி நிற்கும், தாடை இறுகும், முகவாயைத் தட்டினால் கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு கண்ணை மூடும். அந்தக் கட்டத்துக்குப் பின் பிழைப்பது கடினம். தடுப்பூசி நான்கு வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடம் ஒன்று. முந்தைய ஊசி பற்றித் தெரியாத குதிரைக்குக் காயம் பட்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூக்கும் முகமும் திடீரென வீங்கினால் பாம்பை நினையுங்கள், மேயும்போது மூக்கைத்தான் கொத்தும். குதிரை வாயால் மூச்சுவிடாது, மூக்கு அடைத்தால் அவ்வளவுதான். நாம் போட்டுக்கொள்ளும் பாம்புக்கடி மருந்தே குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது, குதிரையைக் கடித்தாலும் அதே மருந்துதான்.

கண்ணை மூடிக்கொண்டு நீர் வடிக்கிறது

கண்ணுக்கு நாளைக்கு என்பதே கிடையாது. வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தைப் போடாதீர்கள், ஸ்டீராய்டு கலந்திருந்தால் கருவிழிப் புண் குழியாகிவிடும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குள் வெண்ணூல் ஒன்று நெளிந்து நீந்தினால் அது புழு. மாட்டின் வயிற்றுக்குழியில் தொந்தரவில்லாமல் வாழும் ஒரு நூல்புழுவின் குஞ்சைக் கொசு குதிரைக்குள் ஏற்றிவிடுகிறது. வழிதவறிக் கண்ணுக்குள் வந்தது அது. சிறிய அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். அதே குஞ்சு தண்டுவடத்துக்குப் போனால் பின்பக்கம் தள்ளாடும், குளம்பு தேயும், சில குதிரை உட்கார்ந்தே விடும். மாட்டுக் கொட்டகையையும் குதிரைக் கொட்டகையையும் தள்ளி வைப்பதும் சாயங்காலம் கொசுவலை கட்டுவதும் இதற்குத்தான்.

காய்ச்சல், மூக்கொழுகல், வீக்கம்

சந்தையிலிருந்து வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெட்டியான சளி, தாடைக்கடியில் எலுமிச்சை அளவு கட்டி: கட்டி பழுத்து உடையும், பெரும்பாலும் தேறிவிடும். ஒரே வாளியில் தண்ணீர் குடிக்கும் மற்ற குதிரைகள்தான் அடுத்தது. புதிதாக வாங்கிய குதிரையை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், தனி வாளி, தனிச் சீப்பு.

காய்ச்சல் வந்து போய் வந்து போய், நன்றாகத் தின்றும் இளைத்து, அடிவயிறும் காலும் வீங்கினால் சர்ரா. மாட்டு ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி. 1880-ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் குதிரை, ஒட்டக ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார். காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்தில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், இறங்கியபின் எடுத்தால் கண்ணாடித் தகட்டில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

மூக்குக்குள் புண், காலோரம் வரிசையாக உடையும் கொப்புளங்கள் என்றால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கிளாண்டர்ஸாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். இதற்குச் சிகிச்சை கிடையாது, அரசுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். ரத்தம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். வடக்கிலிருந்து வரும் குதிரைக்கு இந்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெயிலில் மூச்சு வாங்குகிறது, ஆனால் வியர்க்கவில்லை

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். காய்ச்சல் 104-ஐத் தாண்டினால் நிழலில் நிறுத்தி உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். சூட்டில் பச்சைத்தண்ணீர் பட்டால் ஜன்னி வரும் என்பது வெறும் பேச்சு. குடிக்கவும் கொடுங்கள்.

போனில் சொல்வது

தமிழ்நாட்டில் 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும். பெரிய சிகிச்சை என்றால் சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. “குதிரைக்கு என்னமோ மாதிரி இருக்கு, உடனே வாங்க” என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. போன ஐப்பசியில் நான் சொன்னது இப்படி: “டாக்டர், பெண் குதிரை, ஒன்பது வயசு. நாடி 52, காய்ச்சல் 100.4, ஈறு இளஞ்சிவப்பு. காலை ஆறு மணிக்கு மேல் லத்தி போடவில்லை. வலதுபக்கம் சத்தம் கேட்கிறது, இடதுபக்கம் கேட்கவில்லை. வாயில் எதுவும் ஊற்றவில்லை.”